விண்வெளிப் போரும் இரவல் சொற்களும்

விண்வெளியில் இரு கலங்கள் எதிரெதிரே நின்று போரிட்டதாக இதுவரை வரலாறு இல்லை. ஆனால் அந்தப் போருக்கு வேண்டிய சொற்கள் யாவும் நூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தயாராக இருக்கின்றன. கப்பற்படை, கொடிக்கப்பல், கப்டன், டோர்பீடோ, கதிர்த்துப்பாக்கி, காப்புத்திரை, முற்றுகை, எல்லைக்காவல், குடியேற்றம் என்று விஞ்ஞானப் புனைகதை எழுதியோரும் திரைப்படம் எடுத்தோரும் ஓர் அகராதியையே ஆக்கி வைத்துள்ளனர். நடக்காத ஒரு போருக்கு இத்தனை சொற்கள் எங்கிருந்து வந்தன? யாருடைய போர்களிலிருந்து வந்தன?

இதனை வெறும் பொழுதுபோக்குக் கேள்வி என்று ஒதுக்கிவிட முடியாது. புலம்பெயர்ந்த நாடுகளில் வளரும் எமது பிள்ளைகளுக்குப் போர் என்பது முதன்முதலில் அறிமுகமாவது பெரும்பாலும் இந்தப் படங்களிலும் கணினி விளையாட்டுகளிலும்தான். அங்கே போர் என்றால் இருண்ட வானில் வண்ண வண்ணமாய்ப் பாயும் ஒளிக்கீற்று. வெடித்த கலத்துக்குள் இருந்தவன் யார் என்று எவரும் கேட்பதில்லை. போரை வேறுவிதமாக அறிந்தவர்கள் நாம். ஆகவே அந்தச் சொற்களின் பூர்வீகத்தை விசாரிக்க எமக்கு உரிமையும் உண்டு, தேவையும் உண்டு.

விசாரணைக்கு ஓர் அளவுகோல் வேண்டும். அது எமது மொழியிலேயே இருக்கிறது. தொல்காப்பியம் போரை நிலத்தோடு சேர்த்தே வகுத்தது. ஆநிரை கவரும் வெட்சி குறிஞ்சிக்குப் புறமானது. படையெடுத்துச் செல்லும் வஞ்சி முல்லைக்குப் புறமானது. மதில் வளைக்கும் உழிஞை மருதத்துக்கும், களத்தில் நேர்நின்று பொரும் தும்பை நெய்தலுக்கும் புறம். அகத்திணையில் நிலமும் பொழுதுமே முதற்பொருள். மனிதரின் ஒழுக்கம் அதன்பின் வருவது. இந்தப் பாகுபாடுகளை இன்று நாம் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. எனினும் அதன் உள்ளே ஒரு நியாயம் உள்ளது: எந்த இடத்தில், எந்தக் காலத்தில் என்று சொல்லாமல் எந்தச் செயலையும் பேச முடியாது. விண்வெளிப் போர்க்கதைகளின் பெரும்பகுதி மறந்துவிட்டது இந்த முதற்பொருளைத்தான்.

பீரங்கியிலிருந்து

ஜூல் வேர்ண் பூமியிலிருந்து சந்திரனுக்குச் செல்லும் கதையை 1865இல் வெளியிட்டார். அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்த ஆண்டு அது. கதையும் அங்கிருந்தே தொடங்குகிறது. பால்ட்டிமோர் நகரிலே பீரங்கி செய்வோரும் பீரங்கி இயக்கியோரும் கூடிய ஒரு சங்கம். போர் முடிந்துவிட்டதால் அவர்களுக்கு வேலை இல்லை. சமாதானம் வந்ததே என்று சலித்துப்போன அந்த மனிதர்கள், சந்திரனை நோக்கிச் சுடலாம் என்று முடிவெடுக்கிறார்கள். புளோரிடாவில் 900 அடி நீளப் பீரங்கியை நிலத்துக்குள் வார்க்கிறார்கள். மூன்று மனிதர் அதன் குண்டுக்குள் ஏறி அமர்கிறார்கள்.

வேர்ண் இதைக் கேலியாகவே எழுதினார். ஆனால் கேலியில் ஓர் உண்மை இருந்தது. விண்பயணம் பற்றிய நவீனக் கற்பனை போரின் மிச்சத்திலிருந்து பிறந்தது. அதில் பயணிகள் ஏறிச் சென்ற வாகனத்தின் பெயரே எறிகுண்டு என்பதுதான்.

பீரங்கியின் இடத்தை றொக்கற் பிடித்துக்கொண்டபோதும் கதை மாறவில்லை. றொக்கற் என்ற சொல் நூல் சுற்றும் சிறு கதிர் ஒன்றைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது. கோயில் திருவிழாவில் அதையே நாம் வாணம் என்கிறோம். இரும்புக் குழாயில் மருந்து அடைத்த மைசூர்ப் படையின் வாணங்கள் 1780 செப்டெம்பரில் காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் கிழக்கிந்தியக் கம்பனியின் படைமீது பாய்ந்தன. கம்பனிக்கு அங்கே பெருந்தோல்வி. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் அந்த வாணங்கள் இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டன. அங்கே வில்லியம் கொங்கிறீவ் அவற்றைத் திருத்தி அமைத்தார். 1807இல் கொப்பன்ஹேகன் நகரை எரித்தவற்றுள் கொங்கிறீவின் றொக்கற்றுகளும் இருந்தன.

பின்னர் ஜேர்மனியில் ஹேர்மன் ஓபேர்த் 1923இல் கோள்வெளிக்குச் செல்லும் றொக்கற் பற்றி நூல் எழுதினார். பிரிட்ஸ் லாங் 1929இல் எடுத்த 'சந்திரனில் ஒரு பெண்' என்ற ஊமைப்படத்துக்கு ஆலோசகராக இருந்தவரும் அவரே. ஏவுவதற்கு முன் பத்து, ஒன்பது, எட்டு என்று இறங்குவரிசையில் எண்ணும் வழக்கத்தை உலகுக்குப் பரப்பியது அந்தப் படம். 1942 அக்டோபர் 3ஆம் திகதி பீனமுண்டேயிலிருந்து வெற்றிகரமாக எழுந்த வீ-2 எறிகணையின் உடலில் அந்தப் படத்தின் சின்னமே வரையப்பட்டிருந்தது. இரண்டு ஆண்டுகளில் அவை இலண்டனிலும் அன்ற்வேப்பிலும் விழுந்தன. அவற்றைச் செய்தவர்கள் மிற்றெல்பௌ-டோரா முகாமின் அடிமைத் தொழிலாளர். அவர்களில் ஆயிரமாயிரம் பேர் மாண்டனர். கற்பனை போரிலிருந்து எடுத்த கடனைப் போருக்கே திருப்பிச் செலுத்திய இடம் இது.

கடலிலிருந்து

பீரங்கி தந்தது விசை. மற்ற அனைத்தையும் தந்தது கடற்படை.

விண்ணில் செல்பவருக்கு ஆங்கிலத்தில் அஸ்ட்ரோநோட் என்று பெயர்; ரஷ்யரோ கொஸ்மோநோட் என்றனர். இரண்டிலும் உள்ள 'நோட்' கிரேக்க மொழியில் மாலுமியைக் குறிப்பது. முன்னவர் நட்சத்திர மாலுமி. பின்னவர் பிரபஞ்ச மாலுமி. அவர்கள் ஏறுவது கப்பல். கப்பலுக்குத் தளம் உண்டு, இடப்பக்கம் வலப்பக்கம் உண்டு, கப்டன் உண்டு. பல கப்பல் சேர்ந்தால் படை.

இச்சொற்கள் கதைகளில் நிலைபெற்ற காலத்தைக் கவனிக்க வேண்டும். ஐரோப்பிய வல்லரசுகள் கடற்படைப் போட்டியில் மூழ்கியிருந்த காலம் அது. 1898இல் காரெற் சேர்விஸ் நியூயோர்க் பத்திரிகை ஒன்றில் எழுதிய தொடர்கதையில், கண்டுபிடிப்பாளர் எடிசன் மின்கப்பற் படையொன்றைக் கட்டிக்கொண்டு செவ்வாய்க் கிரகத்தின்மீது படையெடுக்கிறார். பொருளை அணுவணுவாய்ச் சிதைக்கும் ஆயுதம் அவர் கையில் உள்ளது. 1900இல் இங்கிலாந்தில் றொபேர்ட் வில்லியம் கோல் எழுதிய நாவலின் தலைப்பே 'பேரரசுக்கான போராட்டம்' என்பதாகும். அதில் 2236ஆம் ஆண்டில் ஆங்கிலோ-சக்சன் இனத்தார் சூரியமண்டலத்தை ஆள்கின்றனர். சிரியஸ் நட்சத்திரத்தாருடன் போரிடுகின்றனர். விண்மீன்களுக்கிடையேயான போர் என்ற எண்ணம் இலக்கியத்தில் தலைகாட்டியபோதே அது பேரரசுகளின் கடற்போராகத்தான் இருந்தது.

1926இல் ஹியூகோ கேர்ன்ஸ்பாக் நியூயோர்க்கில் 'அமேசிங் ஸ்டோரீஸ்' சஞ்சிகையைத் தொடங்கினார். மட்டமான காகிதத்தில் அச்சாகி மலிவாய் விற்ற அத்தகைய சஞ்சிகைகளில்தான் விண்போரின் சொற்றொகுதி வளர்ந்தது. ஈ.ஈ.ஸ்மித் 1931இல் எழுதிய கதையொன்றில், தூரத்திலுள்ள கலத்தைப் பற்றி இழுக்கும் கதிருக்கு உழவு இயந்திரத்தின் பெயரைச் சூட்டினார். தொழிலால் அவர் உணவு இரசாயனர். இக்கதைகள் ஒரே அச்சில் வார்த்தவையாய்ப் பெருகியபோது, 1941இல் வில்சன் ரக்கர் என்ற எழுத்தாளர் இவற்றை 'ஸ்பேஸ் ஒபேரா' என்று இகழ்ந்தார். குதிரைச் சண்டைப் படங்களுக்கும் வானொலிக் கண்ணீர் நாடகங்களுக்கும் அமெரிக்கர் வைத்திருந்த கேலிப்பெயர்களை ஒட்டி ஆக்கிய பெயர் அது. இன்று அதே சொல் பெருமையோடு வழங்குகிறது.

பின்வந்தவர்கள் கடற்படையைப் புத்தகத்தில் படித்தவர்கள் மட்டுமல்லர். றொபேர்ட் ஹைன்லைன் அமெரிக்கக் கடற்படைக் கல்லூரியில் 1929இல் பட்டம் பெற்றவர். விமானந்தாங்கிக் கப்பலில் பணிபுரிந்து, காசநோயால் 1934இல் விலகியவர். 'ஸ்டார் ட்ரெக்' தொடரைப் படைத்த ஜீன் றொடன்பெரி இரண்டாம் உலகப்போரில் பசிபிக்கில் குண்டுவீச்சு விமானம் ஓட்டியவர். 1966இல் ஒளிபரப்பான அத்தொடரின் ஓர் அத்தியாயத்தில் கண்ணுக்குத் தெரியாமல் மறையும் எதிரிக்கலம் ஒன்று வருகிறது. 1957இல் வந்த நீர்மூழ்கிப் போர்த் திரைப்படம் ஒன்றை அடியொற்றிய கதை அது. மேலே நாசகாரிக் கப்பல், கீழே நீர்மூழ்கி. கடலை எடுத்துவிட்டு வெற்றிடத்தை வைத்தார்கள், அவ்வளவுதான். 1977இல் வந்த 'ஸ்டார் வோர்ஸ்' கடலிலிருந்து ஆகாயத்துக்குத் தாவியது. ஜோர்ஜ் லூகாஸ் இரண்டாம் உலகப்போர் விமானச் சண்டைப் படச்சுருள்களை வெட்டி ஒட்டி, அவற்றையே தம் கலைஞர்களுக்கு மாதிரியாகக் கொடுத்தார். அதனால்தான் காற்றில்லா இடத்தில் அந்தக் கலங்கள் சிறகைச் சாய்த்துத் திரும்புகின்றன; இரைகின்றன.

இந்தக் கடன் ஒருவழிக் கடன் அன்று. ஸ்மித்தின் லென்ஸ்மன் கதைகளில் ஒரு கட்டளைக்கப்பல் வருகிறது. படைகளின் இருப்பெல்லாம் அங்கே ஒரே காட்சிப்பெட்டியில் தெரியும். அமெரிக்கப் போர்க்கப்பல்களின் போர்த்தகவல் அறை அக்கதையிலிருந்தே உருவெடுத்தது என்று சஞ்சிகை ஆசிரியர் ஜோன் கம்பெல் 1947இல் ஸ்மித்துக்குக் கடிதம் எழுதினார். 1983 மார்ச்சில் ஜனாதிபதி றேகன் அறிவித்த ஏவுகணைத் தடுப்புத் திட்டத்தை எதிர்ப்பாளர் 'ஸ்டார் வோர்ஸ்' என்று எள்ளினர். அந்தப் பெயரே நிலைத்தது. 2019 டிசம்பரில் அமெரிக்கா விண்வெளிப் படையைத் தனிப்படையாக அமைத்தபோது அதன் அதிகாரிகளை எப்படி அழைப்பது என்ற விவாதம் எழுந்தது. தொலைக்காட்சியில் கப்டன் கேர்க்காக நடித்த வில்லியம் ஷட்னர் 2020இல் கட்டுரை எழுதிக் கடற்படைப் பதவிப் பெயர்களே வேண்டும் என்று வாதாடினார். முடிவில் விமானப்படைப் பெயர்களின் வழியிலேயே பதவிகள் அமைந்தன. ஒரு நாட்டின் படைக்குப் பெயர்வைக்கும் விவாதத்தில் ஒரு நடிகரின் வேடம் சாட்சி சொல்ல வந்ததை நாம் சிரித்துவிட்டுக் கடந்துபோகலாம். ஆனால் கதையின் சொல் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு வேறு உதாரணம் தேவையில்லை.

குடியேற்றமும் அந்நியரும்

கப்பல் போனால் கரை வேண்டும். கரையில் யாரோ இருப்பார்கள். அவர்களுக்கு என்ன பெயர்?

எச்.ஜி.வெல்ஸ் 1898இல் நூலாக வெளியிட்ட 'உலகங்களின் போர்' இக்கேள்வியைத் தலைகீழாகக் கேட்டது. செவ்வாய்க் கிரகத்தார் இங்கிலாந்தில் இறங்குகிறார்கள். வெப்பக்கதிராலும் கரும்புகையாலும் இலண்டனை வெறிச்சோடச் செய்கிறார்கள். நூலின் முதல் அத்தியாயத்திலேயே வெல்ஸ் வாசகரை நிறுத்திவைத்து, ஐரோப்பியர் தஸ்மேனிய மக்களை அழித்ததை நினைவூட்டுகிறார். இதைச் செய்த நாம் செவ்வாயாரை நோவதற்கு என்ன உண்டு என்பது அவர் வாதம். விண்போர்க் கதையின் தொடக்கத்தில் இப்படியொரு மனச்சாட்சி இருந்தது.

அமெரிக்கச் சஞ்சிகைகள் அதை மறந்தன. 1928இல் பிலிப் நோலன் எழுதி, மறு ஆண்டே பக் றொஜர்ஸ் என்ற சித்திரத் தொடராகிய கதையில் எதிரிகள் ஹான் எனப்படும் ஆசிய இனத்தார். 1934இல் தொடங்கிய பிளாஷ் கோர்டனில் கொடுங்கோலன் மிங் வேற்றுக் கிரகத்தவன். ஆனால் முகமும் பெயரும் சீனருடையவை. அன்றைய அமெரிக்காவில் ஆசியர் குடிவரவுக்குச் சட்டத்தடை இருந்தது. வாசலில் தடுக்கப்பட்டவன் கதையில் வில்லனாக நுழைந்தான்.

1930களில் வேற்றுக்கோள் உயிர்களுக்கு ஆங்கிலத்தில் ஏலியன் என்ற சொல் பரவியது. இது சட்டத்தில் முன்பே இருந்த சொல். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து ஓடிவந்த யூதரை முக்கியமாய் மனங்கொண்டு பிரித்தானியா 1905இல் இயற்றிய குடிவரவுச் சட்டத்தின் பெயர் ஏலியன்ஸ் சட்டம். அமெரிக்கா 1940இல் பிறநாட்டாரைப் பதிவுசெய்ய இயற்றிய சட்டமும் அதே பெயரைக் கொண்டது. அந்நாட்டுச் சட்டமொழியில் குடியுரிமை இல்லாதவர் ஏலியன்தான். கைரேகை கொடுத்து, படிவம் நிரப்பி, விசாரணைக்குக் காத்திருந்த எம்மவருக்கும், படத்தில் பச்சைத்தோலும் மூன்று கண்ணுமாய் வரும் பிராணிக்கும் ஒரே சொல் பொதுவாய் அமைந்தது தற்செயல் அன்று. எங்கிருந்து வந்தான் என்று அச்சொல் கூறவில்லை. எம்மவன் அல்லன் என்று மட்டுமே கூறுகிறது.

பெயர் வைத்தபின் சுடுவது எளிது. ஹைன்லைனின் 1959ஆம் ஆண்டு நாவலில் இயந்திரக் கவசமணிந்த படையினர் வானிலிருந்து உறைகளில் வீழ்ந்து போரிடுகிறார்கள். எதிரியை அவர்கள் அழைக்கும் பெயர் பூச்சி. பூச்சியோடு பேச்சுவார்த்தை கிடையாது. 1972இல் ஊர்சுலா லெ குவின் எழுதிய 'உலகு என்பதற்குச் சொல் காடு' இதற்கு மறுமொழி போன்றது. வியட்நாம் போரின் கோபத்தில் பிறந்த நாவல் அது. பூமியிலிருந்து மரம் வெட்டப் போனவர்கள் அங்குள்ள மக்களுக்கு ஓர் இழிபெயர் சூட்டி, அவர்களை அடிமைகளாக்குகிறார்கள். அந்த மக்கள் மொழியிலோ காட்டுக்கும் உலகுக்கும் ஒரே சொல். வெட்டப்படுவது மரம் என்று ஒரு மொழி சொல்கிறது. உலகம் என்று மற்ற மொழி சொல்கிறது. போரின் மூலகாரணம் இந்த இரு சொற்களுக்கும் இடையில் கிடக்கிறது.

இதே விவாதம் பனிப்போரிலும் நடந்தது. 1945இல் மரி லைன்ஸ்ரர் எழுதிய 'முதற்சந்திப்பு' கதையில் மனிதக் கலமும் வேற்றார் கலமும் தொலைவெளியில் எதிர்ப்படுகின்றன. மற்றவன் பின்தொடர்ந்து வந்து எம் வீட்டைக் கண்டுபிடித்துவிடுவானோ என்ற பயத்தில் இரு கலமும் திரும்ப முடியாமல் நிற்கின்றன. கடைசியில் வழிகாட்டும் வரைபடங்களை நீக்கிவிட்டுக் கலங்களை மாற்றிக்கொள்கிறார்கள். சோவியத் எழுத்தாளர் இவான் யெஃப்ரேமொவ் 1959இல் 'நாகத்தின் இதயம்' என்ற கதையில் இதனை நேரடியாகவே மறுத்தார். நட்சத்திரம் கடந்து வரும் அளவுக்கு வளர்ந்த சமூகம் போரைக் கடந்திருக்கவே வேண்டும் என்பது அவர் கட்சி. அவர் நம்பிய சோவியத் ஒன்றியம் 1991இல் கலைந்தது. அவர் கேள்வியோ கலையவில்லை: அந்நியனைக் கண்டதும் முதலில் ஆயுதத்தைத் தேடும் மனம் அறிவின் அடையாளமா, பயத்தின் அடையாளமா?

இடமும் பொழுதும்

இனி முதற்பொருளுக்கு வருவோம். விண்வெளி கடல் போன்றதா?

1965 ஜூனில் ஜெமினி-4 கலத்திலிருந்த ஜேம்ஸ் மக்டிவிற், தம்மை ஏவிய றொக்கற்றின் கழன்ற பகுதி அருகே மிதப்பதைக் கண்டு அதனை நெருங்க முயன்றார். விமானி செய்வதுபோலவே அதனை நோக்கிக் கலத்தை உந்தினார். இடைவெளி குறையவில்லை, கூடியது. பூமியைச் சுற்றும் கலத்தை முன்னோக்கி உந்தினால் அது மேலெழுந்து பெரிய வட்டத்தில் செல்லும், சுற்றுவதற்குக் கூடுதல் நேரம் எடுக்கும், ஆகவே பின்தங்கும். முன்னால் செல்பவனைப் பிடிக்க வேண்டுமானால் வேகத்தைக் குறைத்துத் தாழ இறங்க வேண்டும். துரத்து, முந்து, நெருங்கு என்ற எமது அன்றாடச் சொற்கள் எதுவும் அங்கே பழைய பொருளில் வேலை செய்வதில்லை.

எடையற்று மிதப்பதும் அப்படியே. அங்கே புவியீர்ப்பு இல்லை என்று பலரும் நினைக்கிறார்கள். சுமார் 400 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் சர்வதேச விண்வெளி நிலையத்தில் ஈர்ப்பு நிலத்தில் உள்ளதில் ஏறத்தாழ 90 வீதம் இருக்கிறது. கலமும் உள்ளிருப்பவரும் ஒன்றாக ஓயாது விழுந்துகொண்டிருப்பதால் மிதப்பதாகத் தோன்றுகிறது.

இந்த இடத்தை அதன் இயல்போடு ஏற்ற போர்க்கதைகள் குறைவு. அவற்றுள் தலையாயது 1974இல் ஜோ ஹால்டெமன் எழுதிய 'முடிவிலாப் போர்'. ஹால்டெமன் வியட்நாமுக்குக் கட்டாய ஆட்சேர்ப்பில் அனுப்பப்பட்டுக் காயமடைந்தவர். நாவலில் படையினர் ஒளிவேகத்தை அண்டிப் பயணிக்கிறார்கள். சார்பியல் விதிப்படி அவர்களுக்குச் சில மாதங்கள் கழியும்போது பூமியில் பல ஆண்டுகள் கழிகின்றன. களத்துக்குக் களம் இடம் ஆயுதத்தைத் தீர்மானிக்கிறது. ஒரு கட்டத்தில், எதுவும் விநாடிக்குச் சுமார் 16 மீற்றருக்கு மேல் விரைய முடியாத ஒரு புலத்துக்குள் சண்டை. அங்கே துப்பாக்கி பயனற்றது, வாளும் அம்பும் ஈட்டியுமே மிஞ்சுகின்றன.

ஆனால் எம்மைத் தொடுவது ஆயுதமல்ல. ஊர் திரும்பும் வீரனுக்கு ஊர் இல்லை. தெரிந்தவர்கள் மாண்டுவிட்டனர், வழக்கங்கள் மாறிவிட்டன. நூற்றாண்டுகள் கழிந்தபின் அவன் தளபதியாகிறான். அவன் கீழுள்ள படையினருக்கு அவன் பேசும் ஆங்கிலம் புரியாது. அவனோடு பேசுவதற்காகவே அந்தப் பழைய மொழியை அவர்கள் கற்றிருக்கிறார்கள். ஆயிரம் ஆண்டுக்கு மேல் நீண்ட அந்தப் போர், ஒருவர் மொழி மற்றவருக்கு விளங்காததால்தான் தொடர்ந்தது என்று கடைசியில் தெரியவருகிறது. தாம் விட்டுவந்த ஆண்டிலேயே ஊர் நின்றுகொண்டிருப்பதாக நினைத்துப் போய்ப் பார்த்துத் திகைத்தவர்களுக்கு இந்த நாவலில் விஞ்ஞானம் எங்கே முடிகிறது, அனுபவம் எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்வது கடினம்.

நிஜத்திலோ, விண்வெளிப் போருக்கு மிக அண்மையில் வந்த செயல்கள் கதைகளில் வரும் போரைப்போல் இல்லை. சோவியத்தின் சல்யூட்-3 நிலையத்தில் ஒரு பீரங்கி பொருத்தப்பட்டிருந்தது. 1975 ஜனவரியில், ஆட்கள் இல்லாத வேளையில், அது சுட்டுப் பார்க்கப்பட்டது. அமெரிக்கா 1985இலும், சீனா 2007இலும், இந்தியா 2019இலும், ரஷ்யா 2021இலும் தத்தம் செய்மதிகளைத் தாமே தகர்த்துப் பரீட்சித்தன. சீனப் பரீட்சையில் மட்டும் பின்தொடரக்கூடிய துண்டுகள் 3000க்கு மேல் சிதறின. 2021 நவம்பரில் விண்வெளி நிலையத்திலிருந்த ஏழு பேர் ரஷ்யப் பரீட்சையின் சிதறல்களுக்கு அஞ்சித் தங்கள் கலங்களுக்குள் ஒதுங்கினர். அவர்களில் இருவர் ரஷ்யர்.

திரையில் வெடித்த கலம் மறுநொடி மறைந்துவிடும். மெய்யான விண்ணில் அது மறைவதில்லை. துண்டுகள் ஒவ்வொன்றும் விநாடிக்கு ஏழு கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் ஆண்டுக்கணக்காகச் சுற்றும். நண்பன், பகைவன் பார்க்காது. எமது ஊர்களில் போர் ஓய்ந்த பிறகும் வயலிலும் வளவிலும் மிதிவெடி கிடந்தது. அதனை அறிந்தவருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. விண்போரின் மெய்யான களம் இதுதான். இதற்குரிய சொற்களைத்தான் சாகசக் கதைகள் ஆக்கவில்லை.

தமிழில் நாம் வைத்த பெயர்கள்

கடலையே வேறுவிதமாய் அணுகிய ஒருவர் எமது தீவில் வாழ்ந்தார். ஆர்தர் சி.கிளார்க் 1945இல் தொடர்புச் செய்மதி பற்றிய கட்டுரையால் அறியப்பட்டவர். 1956இல் இலங்கையில் குடியேறி 2008இல் கொழும்பில் இறந்தவர். அவருக்குக் கடல் என்பது படை மிதக்கும் மேற்பரப்பன்று, ஆழம். எடையின்மையைப் பூமியில் உணரக்கூடிய இடம் நீருக்கடியில்தான் என்பதால் சுழியோடினார். 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய கோணேசர் கோயிலின் கற்றூண்கள் திருகோணமலைக் கடலடியில் கிடப்பதை அவரும் நண்பர் மைக் வில்சனும் கண்டனர். விண்ணை நோக்கிப் பழகப் போனவர் கண்டது ஒரு பேரரசு கடலில் தள்ளிய இடிபாட்டை.

கிளார்க் வந்து குடியேறிய 1956 சிங்களம் மட்டும் சட்டம் நிறைவேறிய ஆண்டு. அதே காலப்பகுதியில்தான் இலங்கையில் விஞ்ஞானத்தைத் தாய்மொழியில் கற்பிக்கும் ஏற்பாட்டுக்காக அரசகரும மொழித் திணைக்களம் தமிழ்க் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்டது. தமிழ்நாட்டில் வேறொரு முயற்சி தனியே நடந்தது. விளைவு, விண்வெளி பற்றிப் பேசத் தமிழுக்கு இரண்டு அகராதிகள். நாம் செய்மதி என்பதை அவர்கள் செயற்கைக்கோள் என்கிறார்கள். நாம் ஆர்முடுகல் என்பது அவர்களுக்கு முடுக்கம். இவற்றால் குழப்பம் இல்லை. குழப்பம் ஒரு சிறு சொல்லில் உள்ளது. இலங்கைப் பாடநூலில் பொருளின் அளவு திணிவு; ஈர்ப்பால் அது கொள்ளும் பாரம் நிறை. தமிழ்நாட்டுப் பாடநூலில் பொருளின் அளவே நிறை, பாரம் எடை. ஆகவே விண்ணில் மிதப்பவரை நாம் நிறையற்றவர் என்றால், தமிழ்நாட்டு மாணவனுக்கு அவர் உடம்பே இல்லாதவர் ஆகிவிடுவார்! மெய்யாகவோ திணிவு விண்ணிலும் அப்படியே இருக்கும். மிதக்கும் பெட்டி சுவரோடு சேர்த்து நசுக்கினால் கை முறியும். ஐரோப்பாவிலும் கனடாவிலும் இரு நாட்டுத் தமிழரும் ஒரே வகுப்பறையில் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கும் இன்று, இதனைத் தீர்க்காமல் விடுவது சோம்பல். எடை, திணிவு என்ற இரண்டையும் எடுத்துக்கொண்டு, சண்டைக்குரிய நிறையைக் கைவிடலாம் என்பது எமது கருத்து.

இன்னொன்று. மாலுமி என்று உலகம் அழைத்தவரை நாம் விண்வெளி வீரர் என்றோம். வீரர் என்ற சொல்லுக்கு எம்மிடையே எவ்வளவு கனம் என்று விளக்க வேண்டியதில்லை. 1967ஆம் ஆண்டின் விண்வெளி ஒப்பந்தம் அவர்களை மனிதகுலத்தின் தூதர் என்கிறது. அணுவாயுதத்தை அங்கே நிறுத்தக் கூடாது என்றும் விதிக்கிறது. ஒப்பந்தம் தூதர் என்பவரைத் தமிழ் படையில் சேர்த்துவிட்டது. கடலோடி என்ற நல்ல சொல் எம்மிடம் உண்டு; அதன் வழியில் விண்ணோடி என்பது சிலரால் வழங்கப்பட்டும் வருகிறது. அதனைப் பழக்குவதில் நட்டம் ஒன்றுமில்லை. புறநானூற்றில் வானவூர்தி வருகிறதே, அன்றே நாம் பறந்தோமே என்று மார்தட்டுவோருக்கும் ஒரு வார்த்தை. அந்தப் பாட்டில் அது புலவர் பாடும் புகழுடையோர் இறந்தபின் ஏறிச்செல்லும் ஊர்தி. சொல் இருப்பதால் இயந்திரம் இருந்ததாகாது. ஆனால் சொல் இருந்தால், இயந்திரம் வரும்போது அதனை எமது கண்ணால் பார்க்க முடியும்.

தமிழ் தவறவிட்டதைச் சொன்னோம். சரியாகச் செய்ததையும் சொல்ல வேண்டும். புலம்பெயர்ந்தோர் எழுத்தைப் பேசியவர்கள் பனியும் பனி சார்ந்த இடமும் ஆறாந்திணை என்றனர். நாம் வந்துசேர்ந்த இடத்தை இடமாகவே பார்க்கும் பழக்கத்தின் தொடர்ச்சி அது. ஏலியன் என்ற சொல்லைத் தமிழாக்கியவர்களும் அப்படியே செய்தார்கள். அந்நியன், பகைவன், பிறன் என்று எத்தனையோ சொல் கையருகே கிடந்தும், அவர்கள் வைத்த பெயர் வேற்றுக்கிரகவாசி. எம்மவன் அல்லன் என்று அது சொல்லவில்லை. வேறோரிடத்தில் வசிப்பவன் என்கிறது. அவனுக்கும் ஓர் ஊர் உண்டு என்கிறது.